எழும் தூரம்: படகில் போய்ப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

ரங்கனதிட்டில் படகு ஏறிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு மூங்கில் புதரைத் தாண்டியதும் எதிரே ஒரு மரம், உச்சி முழுக்க மஞ்சள் மூக்கு நாரைகள். எனக்கு முன்னால் பெரிய லென்ஸ் கேமராவோடு உட்கார்ந்திருந்தவர் படகோட்டியிடம் கேட்டார்: "அண்ணா, இன்னும் ரெண்டே ரெண்டு துடுப்பு போடுங்க. கிளை குறுக்கே வருது."

படகோட்டி துடுப்பைத் தண்ணீரில் அமுக்கிப் படகை நிறுத்தினார். கன்னட வாசம் வீசும் தமிழில், "வேணாம் சார். அந்த ஓரத்துல இருக்கறதைப் பாருங்க. தலை தூக்கிடுச்சு. இன்னொரு துடுப்பு போட்டா எழுந்திடும்" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் எல்லோரும் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் ஒரே ஒரு பறவையின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டில் படுத்திருந்த அந்த நாரை கழுத்தை நேராக நீட்டி எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. படகு நின்று அரை நிமிஷம் கழித்து கழுத்து மெல்ல வளைந்து பழையபடி இறகுக்குள் அடங்கியது.

படகில் போய்ப் பறவை பார்ப்பதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஏராளம். பறவையின் பெயர், பருவம், பைனாகுலர் பிடிக்கும் விதம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் முதலில் கற்க வேண்டியது அந்தக் கழுத்தைத்தான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ரங்கனின் திட்டு

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ரங்கனதிட்டு கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில், காவிரி ஆற்றுக்கு நடுவே இருக்கிறது. மைசூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள். பெயரில் உள்ள 'திட்டு' நம்முடைய மணல்திட்டில் வரும் அதே திட்டுதான். ரங்கன், ஸ்ரீரங்கப்பட்டணத்து அரங்கநாதர். காவிரித் தீவுகளில் பள்ளிகொண்ட மூன்று அரங்கர்களில் அவர் ஆதிரங்கர். நடுவில் சிவனசமுத்திரம், கடைசியில் நம் திருவரங்கம். அந்த வகையில் இது நமக்குத் தெரிந்த ஆறு, தெரிந்த சாமி.

இந்தத் திட்டுகள் தாமாக உண்டானவை அல்ல. 1640-களின் நடுவில், கண்டீரவ நரசராஜ உடையார் காலத்தில், வாய்க்காலில் தண்ணீர் திருப்புவதற்காகக் காவிரியின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். தண்ணீர் தேங்கிப் பரவ, மேடான இடங்கள் தீவுகளாக நின்றன. நீர்மருது, தாழை, மூங்கில் எல்லாம் அடர்ந்தன. சுற்றிலும் ஓடும் தண்ணீர், நடுவில் மரம் என்றால் கொக்குக்கும் நாரைக்கும் வேறென்ன வேண்டும்? கூட்டம் கூட்டமாக வந்து கூடு கட்டின. பறவையியலாளர் சாலிம் அலி இங்கே வந்து பார்த்துவிட்டு மைசூர் மன்னரிடம் எடுத்துச் சொல்ல, 1940-இல் இது சரணாலயம் ஆனது. நிலப்பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கர்நாடகத்தின் முதல் ராம்சர் இடம் இதுதான்.

ராம்சர் என்பது ஈரானில் காஸ்பியன் கடலோரம் இருக்கும் ஓர் ஊர். 1971 பிப்ரவரி 2 அன்று அங்கே கூடிய நாடுகள் ஈரநிலங்களைக் காக்க ஓர் ஒப்பந்தம் போட்டன. பிப்ரவரி 2-ஐ ஈரநில நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். அந்த ஒப்பந்தப்படி, மனிதன் வெட்டிய ஏரியும் ஈரநிலம்தான், ஆறும் ஈரநிலம்தான், கடல் உள்வாங்கியிருக்கும்போது 6 மீட்டருக்கு மேல் ஆழமில்லாத கடலோரமும் ஈரநிலம்தான். தமிழ்நாட்டில் வேடந்தாங்கல், கூந்தன்குளம், பள்ளிக்கரணை, கோடியக்கரை என்று 20 இடங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ஆனால் வேடந்தாங்கலில் படகு கிடையாது. கரையில் நடந்து, கோபுரத்தில் ஏறிப் பார்க்கிறோம். ஏரிக்குள் இருக்கும் மரங்கள் கரையிலிருந்தே நன்றாகத் தெரியும் என்பதால் படகுக்கு அவசியமும் இல்லை. ரங்கனதிட்டில் ஆறு அகலம், தீவுகள் நடுவில் இருக்கின்றன. அதனால் வனத்துறையே துடுப்புப் படகு விடுகிறது.

தலை தூக்கும் தூரம், எழும் தூரம்

ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வட்டங்கள் போட்டு வைத்திருக்கிறது. வெளி வட்டத்துக்குள் நாம் கால் வைத்ததும் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்க்கும். மேய்ந்த கொக்கு அசையாமல் நிற்கும், தூங்கிய நாரை கழுத்தை நீட்டும். இதைத் தலை தூக்கும் தூரம் என்று வைத்துக்கொள்வோம். உள் வட்டத்துக்குள் போனால் பறந்துவிடும். அது எழும் தூரம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. படகோட்டி படித்தது அதைத்தான்.

பறக்க ஒரு நொடி போதும், நமக்கு அது அழகான காட்சியாகவும் இருக்கும். பறவைக்கு அது செலவு. அந்த உடம்பைத் தரையிலிருந்தோ கிளையிலிருந்தோ கிளப்புவதற்குத்தான் அதிக ஆற்றல் வேண்டும். இரை தேடும் நேரத்தில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை எழுப்பிவிட்டால் தின்றதெல்லாம் பறந்தே தீர்ந்துபோகும். வலசை வந்த பறவை என்றால், திரும்பிப் போகும் நெடும் பயணத்துக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பு சேராது.

கூட்டில் இருக்கும் பறவை எழுந்தால் இழப்பு இன்னும் பெரிது. அன்று நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு கூடு தெளிவாகத் தெரிந்தது. சுள்ளிகளை அடுக்கிய அகலமான தட்டு. அதில் மூன்று குஞ்சுகள், வெள்ளைப் பஞ்சு போர்த்தியது போல. வெயில் பட்டை பட்டையாக இறங்கியது. தாயோ தகப்பனோ, மஞ்சள் மூக்கு நாரையில் ஆணும் பெண்ணும் மாறி மாறிக் காவல் இருக்கும், முதுகைச் சூரியனுக்குக் காட்டி, இரண்டு இறக்கைகளையும் அரைக்குடை மாதிரி விரித்து நின்றது. குஞ்சுகள் மூன்றும் அந்த நிழலுக்குள் ஒடுங்கியிருந்தன. நிழல் நகர நகர அதுவும் ஒரு கால் எடுத்து வைத்துத் திரும்பிக்கொண்டது. அலகு லேசாகத் திறந்து தொண்டை துடித்தது. அதற்கும் வெயில் தாங்கவில்லை. ஆனாலும் நின்றது.

இப்போது அந்தப் பறவை எங்களால் எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு அந்தக் குஞ்சுகளுக்குக் குடை இல்லை. இறகு முளைக்காத உடம்பில் நேர் வெயில். காகமும் பருந்தும் இந்தத் தருணத்துக்காகவே மேலே சுற்றுகின்றன. ஆளில்லாத கூட்டில் முட்டையைக் கொத்த அவற்றுக்கு அரை நிமிஷம் போதும். நாம் நல்ல படம் கிடைத்தது என்று கிளம்பிவிட்ட பிறகு நடப்பது இது. அதனால் பார்த்தவர் யாருக்கும் தெரியாது.

சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், துப்பாக்கி தூக்குவதும் வலை விரிப்பதும் மட்டும் இல்லை. காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டைதான். முதன்முதலாக அதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது.

எழும் தூரம் எல்லாப் பறவைக்கும் ஒன்றல்ல. பொதுவாக உடம்பு பெரிதானால் தூரமும் பெரிது. பெரிய பறவை கிளம்ப நேரம் எடுக்கும், அதனால் முன்கூட்டியே முடிவெடுக்கும். கூட்டமாக இருந்தால் அதில் அதிகம் பயப்படுகிற ஒன்றுதான் எல்லோருக்கும் தூரத்தை நிர்ணயிக்கிறது. அது எழுந்தால் மற்றவையும் எழும். ஆகவே படகிலிருந்து பார்க்கும்போது நடுவில் அமைதியாக இருக்கும் இருபதைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஓரத்தில் பதறும் ஒன்றைப் பார்க்க வேண்டும். பருவமும் முக்கியம். கூடு கட்டத் தொடங்கும் நாட்களில் பறவை இன்னும் அந்த இடத்தோடு ஒட்டியிருக்காது. அப்போது தொந்தரவு செய்தால் இடத்தையே கைவிட்டுப் போகலாம். குஞ்சு பொரித்த பிறகு எளிதில் விட்டுப் போகாது. பயந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

உட்கார்ந்திருக்கிறது என்பதால் அமைதியாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. பெங்குவின்களின் அடியில் முட்டை போலவே செய்த ஒரு கருவியை வைத்து இதயத் துடிப்பை அளந்திருக்கிறார்கள். ஆள் பக்கத்தில் வந்தபோது பறவை அசையாமல் அடைகாத்துக்கொண்டிருந்தது, ஆனால் துடிப்பு ஏறியது. வெளியே தெரியும் அமைதிக்குள் என்ன நடக்கிறது என்று படகிலிருந்து நமக்குத் தெரியாது. எழும் தூரத்துக்கு ஒரு கை முன்னால் நிற்பதைவிட, தலை தூக்கும் தூரத்திலேயே நின்றுவிடுவது நல்லது என்று நான் நினைப்பது அதனால்தான்.

படகு எப்படி இவ்வளவு பக்கத்தில் போகிறது

நியாயமான கேள்வி. ஊர் ஏரியில் கரையில் நடந்தாலே எழுந்து போகிற அதே நாரை, ரங்கனதிட்டில் ஒரு பஸ் நீளத் தூரத்தில் படகு நின்றாலும் பேசாமல் இருக்கிறதே?

இதற்குக் காரணம் ஒன்றல்ல. முதல் காரணம் உருவம். இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் மனிதனைப் பறவை தலைமுறை தலைமுறையாக அறியும். படகில் உட்கார்ந்தால் அந்த உருவம் மறைந்துவிடுகிறது. தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்வாக, மெதுவாக நகரும் ஒரு நீளப் பொருள், அவ்வளவுதான். அதனால்தான் படகில் எழுந்து நிற்காதீர்கள் என்று சொல்கிறார்கள். படகு கவிழும் என்ற பயம் பாதி. நீங்கள் எழுந்து நின்ற கணத்தில் 'மனிதன்' ஆகிவிடுகிறீர்கள் என்பது மீதி.

இரண்டாவது, பழக்கம். தினமும் அதே வழியில் படகுகள் போகின்றன. எந்தப் படகிலிருந்தும் கல் வந்ததில்லை, குண்டு வந்ததில்லை. 1940-லிருந்து எண்ணினால் எத்தனை தலைமுறை நாரைகள்! பறவை நம்மை நம்புகிறது என்றுகூட நான் சொல்லமாட்டேன். இந்தப் படகு, இந்த வழி, இந்த வேகம் ஆபத்தில்லை என்று கற்றிருக்கிறது. வழியை விட்டு விலகி ஒரு தீவுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் புகுந்தால் அந்தக் கணக்கு செல்லாது. நல்ல படகோட்டி கூட்டுமரத்தை நோக்கி நேராகப் போகவே மாட்டார். பக்கவாட்டில் கடந்து போகிறவர் போலச் சாய்வாகப் போவார். நேராக வருவது வேட்டைக்காரனின் வழி, கடந்து போவது வழிப்போக்கனின் வழி.

மூன்றாவது, சத்தம். துடுப்புப் படகில் இயந்திரம் இல்லை. துடுப்பு தண்ணீரைத் தொடும் 'சளப்' என்ற ஓசை ஆற்றுக்குச் சொந்தமான ஓசை. எங்கள் படகில் இருந்த ஒரு சிறுவன் உற்சாகத்தில் "அம்மா, முதலை!" என்று கத்தியபோது அதே மரத்தில் பத்துத் தலைகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அவன் அம்மா அவன் காதில் என்னவோ சொன்னார். மீதி வழி முழுக்க அவன் விரலை மட்டும் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தான். அவன் காட்டித்தான் நான் பாதி பறவைகளைப் பார்த்தேன்.

சத்தம் என்றதும் சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுகுடிப்பட்டி நினைவுக்கு வருகிறது. வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய ஊர். அங்கே பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எழும் தூரத்தை அந்த ஊர் எப்போதோ புரிந்துவைத்திருக்கிறது.

அப்புறம் அந்த முதலை. ரங்கனதிட்டின் பாறைகளில் வாயைப் பிளந்துகொண்டு முதலைகள் வெயில் காயும். உடம்புச் சூட்டைச் சமன்செய்யத்தான் அந்த வாய் திறப்பு, நம்மைப் பயமுறுத்த அல்ல. மரத்தில் குஞ்சுகள், அடியில் முதலை என்று பார்த்ததும் பலர் பதறுவார்கள். ஆனால் அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் கொக்குகள் அங்குள்ள முதலைகள் நடமாடும் இடத்தைத் தேடிப் போய்க் கூடு கட்டுவதைக் கண்டிருக்கிறார்கள். முதலை இருந்தால் மரமேறி முட்டை தின்னும் விலங்குகள் நீந்தி வரத் துணியாது. தவறி விழும் ஒன்றிரண்டு குஞ்சு முதலைக்குக் கூலி. ஆற்று நடுவே தீவில் கூடு கட்டுவதன் காவலே தண்ணீர்தான். முதலை அந்தத் தண்ணீரை இன்னும் பலமான காவலாக்குகிறது. படகு மட்டுமே அந்தக் காவலைக் கடந்து உள்ளே போகிறது. அதை நினைவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், கை தானாகவே படகுக்குள் இருக்கும்.

தண்ணீர் விடும் நாள்

எப்போது போகலாம்? பொதுவாக ஜூன் முதல் நவம்பர் வரை கூடு கட்டும் காலம் என்பார்கள். சில இனங்கள் மழைக்கு முன்பே தொடங்கிவிடும். வலசை வரும் பறவைகளுக்கு டிசம்பர், ஜனவரி. காலையில் சீக்கிரம் போவது நல்லது. வெளிச்சமும் நன்றாக இருக்கும், வார இறுதிக் கூட்டமும் சேர்ந்திருக்காது.

ஆனால் கிளம்பும் முன் செய்தித்தாளைப் பாருங்கள். சில கிலோமீட்டர் மேலே கிருஷ்ணராஜ சாகர் அணை. குடகில் நல்ல மழை பெய்து அணை நிரம்பினால் உபரி நீரைத் திறப்பார்கள். "கர்நாடக அணைகளிலிருந்து நீர் திறப்பு, ஒகேனக்கல்லில் வெள்ளப்பெருக்கு" என்று நம் பக்கம் தலைப்புச் செய்தி வரும். மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறது என்று நாம் மகிழும் அந்த நாளில், அதே தண்ணீர் முதலில் ரங்கனதிட்டைத் தாண்டித்தான் வருகிறது. திட்டுகளின் ஓரங்கள் மூழ்கும், பாறைகள் மறையும், தாழ்ந்த கிளைகளில் இருக்கும் கூடுகளைத் தண்ணீர் தொடும். படகு நிறுத்தப்படும். படகு இல்லை என்று அலுவலரிடம் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றின் வேகத்தை ஒரு தடவை கரையில் நின்று பார்த்தால் அந்தச் சண்டை வராது.

கோடையில் வேறு விதமான ஆபத்து. தண்ணீர் வடிந்து பாறைகள் வெளியே வரும்போது ஆற்று ஆலா என்ற பறவை வெறும் பாறையில், கூடு என்று எதுவும் கட்டாமல், முட்டையிடும். முட்டைக்கும் பாறைக்கும் நிறம் ஒன்றே. அந்த நேரத்தில் நீர்மட்டம் திடீரென ஏறினால் முட்டை போய்விடும். ஆகவே காலியாகத் தெரியும் பாறையில் படகை அணைக்கச் சொல்லாதீர்கள். அது காலியாக இருக்க வாய்ப்பு குறைவு. அதே பாறைகளில் பெரிய மஞ்சள் கண்ணும் தடித்த அலகுமாக நிற்கும் கண்கிலேடியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நிமிஷம் ஆனது. அது என்னை முதலிலேயே பார்த்துவிட்டிருந்தது.

பாறை விளிம்பின் அடியைப் பார்க்கவும் மறக்க வேண்டாம். தகைவிலான்கள் சேற்று உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வாய் குறுகிய சின்னச் சின்னக் குடங்களாகக் கூடு கட்டியிருக்கும். நூறு குடங்கள் நெருக்கி வைத்த குயவர் வீட்டுத் திண்ணை மாதிரி. பெரிய நாரைகளையே பார்த்துக்கொண்டிருந்தால் இது தவறிவிடும்.

நாரை மரத்தில் என்னென்ன

புதிதாகப் பார்ப்பவருக்கு ஒரு கூட்டுமரம் குழப்பமாக இருக்கும். எல்லாம் வெள்ளை, எல்லாம் நீளக் கால். அலகைப் பாருங்கள், பிரிந்துவிடும். மஞ்சள் நிறத்தில் நுனி லேசாக வளைந்த கனத்த அலகும் வாலருகே ரோஜா நிறமும் இருந்தால் மஞ்சள் மூக்கு நாரை. அரிவாள் மாதிரி வளைந்த கறுப்பு அலகும் கறுத்த தலையும் என்றால் வெள்ளை அரிவாள் மூக்கன். அலகு முனை அகப்பை போல் தட்டையாக இருந்தால் கரண்டிவாயன். தொண்டையில் பை தொங்கினால் கூழைக்கடா.

நத்தைகுத்தி நாரைக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதன் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். பைனாகுலரில் அந்தச் சந்து வழியாகப் பின்னால் இருக்கும் இலை தெரிந்தது. நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து பிரித்தெடுக்கும் வேலைக்கு ஏற்ற அலகு. குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். எனவே ஒரே கூட்டில் சந்துள்ள அலகும் சந்தில்லாத அலகும் இருந்தால் இரண்டு இனம் என்று நினைக்க வேண்டாம். பெரியதும் சிறியதும்தான்.

காதையும் திறந்து வையுங்கள். வளர்ந்த நாரைக்குக் குரல் கிட்டத்தட்ட இல்லை. அலகைத் தட்டி 'டக டக' என்று ஒலி எழுப்பும். மரத்திலிருந்து வரும் இரைச்சல் பெரும்பாலும் குஞ்சுகளுடையது. ஒரு பெற்றோர் இரையோடு இறங்கியதும் அந்தக் கூட்டில் மட்டும் சத்தம் கூடும். எந்தக் கூட்டில் குஞ்சு இருக்கிறது என்பதைக் கண்ணைவிடக் காது முதலில் சொல்லும். இலையே இல்லாத மரத்தில் கறுப்பு மூட்டைகள் தொங்கினால் அவை பழந்தின்னி வௌவால்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய் தலை நீட்டும். எனக்கு இன்னும் அந்த அதிர்ஷ்டம் வரவில்லை.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 என்று எழுதியது போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 12 மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால் படகு ஆடும்போது படமும் சேர்ந்து அத்தனை மடங்கு ஆடும். தொப்பி கட்டாயம், வெயிலுக்கும் எச்சத்துக்கும். சட்டை மங்கலான நிறத்தில் இருக்கட்டும். உயிர்காப்புச் சட்டையைக் கொடுத்தால் வாரை இறுக்கிக் கட்டுங்கள். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் சுற்றுலா போன படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை மறந்துவிட்டு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

பழவேற்காட்டைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரங்கனதிட்டில் கற்ற தூரத்தை அங்கே அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது திறந்த காயல். அங்கே பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் மேய வருகின்றன, கூடு கட்டுவதற்கு அல்ல. குஞ்சு இல்லாத பறவைக்கு உட்கார்ந்து தாங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. படகு தொலைவில் தெரியும்போதே நடக்கத் தொடங்கும், பிறகு ஓடும், பிறகு ஆயிரம் பூநாரையும் ஒன்றாக எழும். வானம் இளஞ்சிவப்பாகும் அந்தக் காட்சியைக் கேட்டு வாங்க "கொஞ்சம் விரட்டுங்கண்ணே" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவை இறங்கி மறுபடி மேயத் தொடங்குவதற்குள் காலை மேய்ச்சலில் பெரும் பகுதி போய்விடும். அங்கே எழும் தூரம் பஸ் நீளம் இல்லை. ஒரு தெரு நீளம், சில நாள் அதற்கும் மேல். நின்று பாருங்கள். முதல் பறவை தலையைத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் துடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்று ரங்கனதிட்டில் திரும்பும் வழியில் அதே மரத்தை இன்னொரு பக்கமாகக் கடந்தோம். கேமராக்காரர் கேமராவை மடியில் வைத்திருந்தார். படகு மரத்துக்கு நேரே வருவதற்குள் அவரே மெல்லக் கையை உயர்த்தி, "போதும்ணா, தலை தூக்குது" என்றார். படகோட்டி துடுப்பை எடுத்துப் படகின் விளிம்பில் வைத்தார். ஆறு எங்களை மெல்ல இழுத்துக்கொண்டு போக, குடை விரித்த நாரை நின்ற இடத்திலேயே நின்றது.